ஜெர்மன் கிளாஸ்: எந்த லெவல், எத்தனை நாள், யாருக்கு எது?

ஜெர்மன் படிப்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். நர்ஸ்களிடமிருந்துதான் அதிகக் கடிதங்கள். அடுத்தபடியாக, கணவரிடம் போய்ச் சேரக் காத்திருக்கும் மனைவிகள். அப்புறம் ஐ.டி. ஆட்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் விட்டிருக்கிறேன்.

கேள்விகளுக்குள் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்கிற ஆறு படிகள் (ஏ1 தொடக்கம், சி2 உச்சி) ஜெர்மனுக்கு மட்டும் உள்ளவை அல்ல. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட பொது அளவுகோல் அது. அந்த மொழியை வைத்துக்கொண்டு உங்களால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் அது சொல்கிறது. எத்தனை மாதம் கிளாஸில் உட்கார்ந்தீர்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. வந்த கடிதங்களில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வந்ததுதான்.

"பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சென்டரில் 90 நாளில் பி2 முடித்து ஜெர்மனிக்கே அனுப்பிவிடுகிறோம் என்கிறார்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கட்ட வேண்டுமாம். சேரலாமா மேடம்?" — நர்ஸ், நாகர்கோவில்

சேராதீர்கள்.

கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். பி2 தேர்வுக்கு உட்கார, ஆரம்பத்திலிருந்து மொத்தம் 600 முதல் 800 பாடவேளை வரை படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஒரு பாடவேளை 45 நிமிடம். ஒரு நாளைக்கு 6 பாடவேளை, வாரத்துக்கு 5 நாள், ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் போனால் 13 வாரத்தில் 390 பாடவேளை வரும். அது பி1-க்கே சுமாரான கணக்கு. அதுவும் வேறு வேலையே இல்லாமல் உட்கார்ந்து படித்தால்தான். நீங்களோ நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து படிக்கப்போகிறீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் அது மெதுவே இல்லை. வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படித்தாலும் எட்டு, ஒன்பது மாதத்துக்குக் குறைத்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஜெர்மனியில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க உங்கள் படிப்பை அங்கே அங்கீகரிக்க வேண்டும், அதோடு பெரும்பாலும் பி2 கேட்பார்கள். ஆனால் பலரும் இங்கே பி1 முடித்துக்கொண்டு போய், அங்கீகார நடைமுறை நடக்கும் காலத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே மீதியை அங்கே படிக்கிறார்கள். ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையும், வெளிநாடுகளில் வளர்ச்சிப் பணிகள் செய்யும் ஜெர்மன் அரசு நிறுவனமான ஜி.ஐ.ஸெட்.-டும் சேர்ந்து நடத்தும் 'டிரிபிள் வின்' திட்டமும் இந்த வழிதான், அதில் நர்ஸிடம் பணம் வாங்குவதில்லை. பக்கத்தில் கேரளத்தில், வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான அரசு அமைப்பான நோர்கா ரூட்ஸ் வழியாக அது நடக்கிறது. நம் பக்கத்தில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

தனியார் சென்டரில்தான் சேரப்போகிறீர்கள் என்றால், லெவல் லெவலாகப் பணம் கட்டுங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். நடுவில் விலகினால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கேயாவது எழுதியிருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பி2 எதற்கு, பி1-ஏ போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பி1 இருந்தால் கடைக்குப் போகலாம், வீடு பார்க்கலாம், டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம். வார்டு அப்படியில்லை. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன் ஊர் வட்டார வழக்கில், 85 வயதுப் பாட்டி ஒருவர் அடிவயிற்றில் என்னமோ செய்கிறது என்று முனகுவார். அது குத்துவலியா, இழுக்கிறதா, எரிகிறதா என்று கேட்டு, அதை ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் சரியாகச் சொல்லி, கம்ப்யூட்டரிலும் எழுத வேண்டும். 90 நாள்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

"கணவர் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். ஸ்பவுஸ் விசாவுக்கு ஏ1 கட்டாயமா? கைக்குழந்தை இருப்பதால் கிளாஸுக்குப் போக முடியாது, வீட்டிலேயே படித்துப் பரீட்சை எழுதலாமா? ஸ்பீக்கிங்கை நினைத்தாலே பயமாக இருக்கிறது." — இல்லத்தரசி, சிவகங்கை

முதலில் உங்கள் கணவரிடம் எந்த அனுமதி இருக்கிறது என்று கேளுங்கள். கணவன் அல்லது மனைவியோடு சேரப் போகிறவர்களுக்கு ஏ1 வேண்டும் என்ற விதி 2007-லிருந்து இருக்கிறது. ஆனால் அவரிடம் இருப்பது ஐரோப்பிய 'ப்ளூ கார்டு' (பட்டம் படித்து வேலைக்குப் போகிறவர்களுக்கான அனுமதி) என்றால் உங்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. வேறு சில விலக்குகளும் உண்டு, தூதரகத்தின் இணையதளத்தில் அன்றைய தேதிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கவில்லை என்பதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். விலக்கு இருந்தாலும் ஏ1 படித்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் செய்தால் டாக்டர் வீட்டு வரவேற்பாளர் முதலில் ஜெர்மனில்தான் பேசுவார்.

கிளாஸுக்குப் போகாமலே தேர்வு எழுதலாம், வெளித்தேர்வர் என்று பதிவு செய்துகொண்டால் போதும். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கதே இன்ஸ்டிட்யூட் (நம் ஆட்களுக்கு மேக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் தெரியும்), கோயம்புத்தூரில் கதே சென்ட்ரம், இரண்டையும் பாருங்கள். தேதி அறிவித்தவுடன் இடம் நிரம்பிவிடும், அதனால் முழுசாகப் படித்து முடித்த பிறகு பதிவு செய்து கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

தேர்வு இப்படி இருக்கும். கேட்பது சுமார் 20 நிமிடம், படிப்பது 25, எழுதுவது 20, அப்புறம் பேசுவது ஒரு 15 நிமிடம். 100-க்கு 60 வாங்கினால் பாஸ். கேட்கும் பகுதியில் முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் இரண்டு தடவை ஓட்டுவார்கள். நடு பாகம், அதாவது ஸ்டேஷன் அறிவிப்பு, கடை அறிவிப்பு மாதிரி வருவதை, ஒரே தடவைதான். இது தெரியாமல் இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்து மார்க்கை விட்டவர்கள் நிறைய. எண்களில் கவனம் வேண்டும்: ஜெர்மன்காரர்கள் 87-ஐ 'ஏழும் எண்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள், காதில் 'ஏழு' விழுந்ததும் கை 7 என்று எழுதிவிடும், அப்புறம் 8-ஐ எங்கே போடுவது? தினமும் பத்து போன் நம்பரை யாரையாவது சொல்லச் சொல்லி எழுதிப் பழகுங்கள், உங்கள் கணவரே போனில் சொல்லலாம்.

பேச்சுக்கு வருவோம். உள்ளே நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள், நான்கு பேர் வரை ஒரே மேஜையில் உட்கார வைப்பார்கள். முதலில் பெயர், வயது, நாடு, ஊர், தெரிந்த மொழிகள், வேலை, பொழுதுபோக்கு என்று அறிமுகம். இதை எல்லாரும் ஒப்பித்துவிடுவார்கள். அதற்கடுத்து, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்பார்கள், அங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுவது. விஜயலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் 13 எழுத்தையும் ஃபவ், ஈ, யொட், ஆ, உப்ஸிலோன், ஆ, எல், ஆ, கா, எஸ், ஹா, எம், ஈ என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பழக்கத்தில் முதல் எழுத்துக்கு 'வீ' என்றாலே சறுக்கல்தான். அதைவிட வம்பு, அவர்களுடைய 'ஏ' நம் இங்கிலீஷின் 'ஈ', அவர்களுடைய 'ஈ' நம் இங்கிலீஷின் 'ஐ'. 'ஏ' என்று நீங்கள் சொன்னால் எதிரே இருப்பவர் வேறு எழுத்தை எழுதிக்கொள்வார். உங்கள் பெயர், கணவர் பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் நான்கையும் தூக்கத்தில் கேட்டாலும் எழுத்துக்கூட்டுகிற அளவுக்குப் பழகிவிடுங்கள். சிவகங்கையும் நீளம்தான்.

மற்ற இரண்டு பாகமும் சீட்டு எடுத்துக் கேள்வி கேட்பது, பதில் சொல்வது, படத்தைப் பார்த்து ஏதாவது வேண்டிக் கேட்பது. வாக்கியம் சின்னதாக இருந்தால் போதும், யாரும் உங்களிடம் சொற்பொழிவு எதிர்பார்க்கவில்லை. எழுத்தில் ஒரு படிவம் நிரப்புவது, 30 வார்த்தையில் ஒரு கடிதம். கடிதத்தில் மூன்று விஷயம் கேட்டிருப்பார்கள், மூன்றையும் தொட்டுவிட வேண்டும். இரண்டை அழகாக எழுதி மூன்றாவதை விட்டுவிடுகிறவரைவிட, மூன்றையும் ஒற்றை வரியில் எழுதுகிறவருக்கு மார்க் கூட.

கைக்குழந்தையோடு படிக்கிறீர்கள், மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை. ஆனால் வாரம் இரண்டு தடவையாவது ஆன்லைனில் ஒரு மனிதரோடு பேசிப் பழகுங்கள். வீட்டில் தனியாகப் படிக்கிறவர்கள் பேச்சில்தான் விடுகிறார்கள்.

"அக்கா, நான் ஜேர்மனிக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல. பேக்டரியில வேலை. டொச் கதைப்பன், எல்லாம் விளங்கும், ஆனா எழுதத் தெரியாது. இப்ப பிரஜாவுரிமைக்குப் போடலாமெண்டால் பி1 கேக்கினம். இந்த வயசில சின்னப் பிள்ளையள் மாதிரி ஏ1-ல போய் இருக்கிறதோ?" — தொழிலாளி, டோர்ட்முண்ட்

ஏ1-ல் போய் உட்காராதீர்கள் அண்ணா, உங்களுக்கும் சலிக்கும், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பயமாக இருக்கும். உங்கள் நகரத்து ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலவுக்கு (பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் மக்கள் கல்வி நிலையம், எல்லாரும் ஃபவ்-ஹா-எஸ் என்று சொல்கிற இடம்தான்) போய் நிலை பார்க்கும் தேர்வு எழுத வேண்டும் என்று கேளுங்கள். பேச்சில் பி1, எழுத்தில் ஏ1 என்று வருகிறவர்கள் அங்கே ஒவ்வொரு வாரமும் வருவார்கள், நீங்கள் புதிய ஆள் அல்ல. சொந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்து, லத்தீன் எழுத்துத்தான் பழக்கமில்லை என்கிறவர்களுக்கு வேறு வகுப்பு, எந்த மொழியிலும் எழுதிப் பழகாதவர்களுக்கு வேறு வகுப்பு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். தமிழில் நன்றாக எழுதுவீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள், அதைப் பொறுத்து வகுப்பு மாறும்.

இன்னொன்று, இது உங்களுக்குச் சந்தோஷம் தரும். குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பின் முடிவில் வைக்கிற 'டொச் டெஸ்ட் ஃபியூர் ட்ஸுவாண்டரர்' தேர்வில் மூன்று பகுதி. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று, கேட்டலும் வாசிப்பும் சேர்த்து ஒன்று. மொத்தச் சான்றிதழில் பி1 வர, பேச்சில் பி1 கட்டாயம், மற்ற இரண்டில் ஒன்றில் பி1 இருந்தால் போதும். அதாவது எழுத்து ஏ2-வில் நின்றாலும், வாசிப்பும் கேட்டலும் சரியாக இருந்தால் தப்பிவிடலாம். இருபது வருடம் பேக்டரியில் கேட்ட காது சும்மா இருக்காது. வாசிப்பைத்தான் தேற்ற வேண்டும், அதற்கு வீட்டுக்கு வருகிற காப்புறுதிக் கடிதத்தையும் வீட்டுக்காரர் கடிதத்தையும் பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள், இதைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் கிடைக்காது.

பொது அறிவுத் தேர்வும் உண்டு. 33 கேள்வி, பிரஜாவுரிமைக்கு 17 சரியாக வேண்டும். கேள்விகள் முழுவதும் இணையத்தில் கிடக்கின்றன, அது பற்றிக் கவலையே படாதீர்கள்.

"வார இறுதி கிளாஸில் பி1 வரை முடித்துவிட்டேன். கிராமர் எல்லாம் தெரியும், ஆனால் ஒரு ஜெர்மன் கிளையன்ட் 'எப்படி இருக்கிறீர்கள்' என்றால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறேன். பி2 சேரட்டுமா, பி1 திரும்பப் படிக்கட்டுமா?" — மென்பொருள் பொறியாளர், சென்னை

இரண்டும் வேண்டாம். பி1 புத்தகத்தைத் திரும்பப் படித்தால் தெரிந்த கிராமரையே மறுபடி சரி பார்ப்பீர்கள், பி2-வில் சேர்ந்தால் தெரியாத கிராமர் சேரும், இரண்டிலும் வாய் அப்படியேதான் இருக்கும். நம் ஊரில் பெரியவர்கள் எந்த மொழியையும் ஒரு சப்ஜெக்ட் மாதிரிதான் படிக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் மார்க் போய்விடும் என்ற பயம் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வருகிறது. பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவர்களிடம்தான் இது ரொம்ப மோசம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். போனை எடுத்து, நேற்று என்ன செய்தேன் என்று ஜெர்மனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. மூன்று வாக்கியத்தில் நின்றுவிட்டால் உங்கள் பேச்சு இன்னும் ஏ2-வில் இருக்கிறது என்று அர்த்தம், சர்ட்டிஃபிகேட் என்ன சொன்னாலும் சரி. பி1 வாய்மொழித் தேர்விலேயே மூன்று வேலை இருக்கிறது: ஜோடி ஆளோடு சேர்ந்து ஏதாவது திட்டமிடுவது, ஒரு தலைப்பில் சின்னதாக ஒரு பிரசன்டேஷன், அதன் மேல் கேள்வி பதில். இந்த மூன்றையும் ஒரு துணையோடு வாரம் இரண்டு முறை, இரண்டு மாதம் செய்யுங்கள். அப்புறம் பி2.

அவசரப்படுவதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, காகிதக் கணக்கில். 2024 ஜூன் 1-ல் வந்த 'சான்சன்கார்ட்' என்கிற வேலை தேடும் அனுமதியில் புள்ளிக் கணக்கு உண்டு, ஏ2-க்கு 1, பி1-க்கு 2, பி2-வுக்கு 3. மொத்தம் 6 புள்ளி வேண்டும். ப்ளூ கார்டில் போகிறவர் பி1 வைத்திருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஆறு மாத வித்தியாசம், அவ்வளவுதான்.

"டெர், டீ, டாஸ் மனதில் நிற்கவே இல்லை. மேசை ஆணாம், கதவு பெண்ணாம், பெண்பிள்ளை அஃறிணையாம். குறுக்குவழி ஏதாவது இருக்கிறதா?" — கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற இந்த மூன்றில் டெர் ஆண், டீ பெண், டாஸ் அஃறிணை. முழுக் குறுக்குவழி இல்லை, பாதி உண்டு. சொல்லின் வாலைப் பாருங்கள். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்', 'ட்ஸியோன்' என்று முடிந்தால் டீ. 'ஷென்', 'லைன்' என்று சின்னதாக்கும் வால் இருந்தால் டாஸ், பெண்பிள்ளைக்கான சொல் அஃறிணை ஆனது அந்த 'ஷென்' வாலால்தான், அவர்களுக்குப் பெண்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. கிழமை, மாதம், பருவம் எல்லாம் டெர். மதுவகை பெரும்பாலும் டெர், பீர் மட்டும் டாஸ், இதை மட்டும் என் மாணவர்கள் ஒருவர்கூட மறந்ததில்லை. மீதியை டெர், டீ, டாஸோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சொல்லைத் தனியாகப் படித்துவிட்டு இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த அப்புறம் வரவே வராது.

ஆனால் தமிழ் தெரிந்தவருக்குக் கிடைக்கிற சலுகைகளையும் பயன்படுத்துங்கள். இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று எட்டாம் வகுப்பில் படித்தது இங்கே கை கொடுக்கும். ஐ உருபு வரும் இடத்தில் பெரும்பாலும் அவர்களுடைய அக்குஸாட்டிவ், கு உருபு வரும் இடத்தில் டாட்டிவ். அக்குஸாட்டிவில் டெர் மட்டும்தான் டென் ஆகும், மற்றவை அப்படியே இருக்கும். 'எனக்குக் குளிருகிறது' என்று நாம் சொல்வது போலவே அவர்களும் 'மியர் இஸ்ட் கால்ட்' என்று கு போட்டுத்தான் சொல்வார்கள். இங்கிலீஷ் வழியாகப் போய் 'நான் குளிர்' என்று சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 'ஏனென்றால்' போட்டு வரும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். இங்கிலீஷ்காரர்கள் அழுகிற இடம் இது, நமக்கு வீட்டுப் பழக்கம். முக்கிய வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்பதுதான் நமக்குச் சிரமம், அதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

உச்சரிப்பிலும் ஒரு எச்சரிக்கை. தமிழில் க-வுக்கு இரண்டு எழுத்து கிடையாது, ஆனால் ஜெர்மனில் தோட்டத்துக்கும் (Garten) சீட்டுகளுக்கும் (Karten) முதல் எழுத்தின் அழுத்தம்தான் பெரிய வித்தியாசம். ப, த, க மூன்றிலும் இந்த வம்பு உண்டு.

"ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 58. மகள் ஃப்ராங்க்ஃபர்ட்டில். பேரன் அங்கே கிண்டர்கார்டன் போக ஆரம்பித்ததிலிருந்து வீடியோ காலில் ஜெர்மனில் ஏதோ சொல்கிறான், புரியவில்லை. இந்த வயதில் கிளாஸில் சேரலாமா?" — மதுரை

தாராளமாகச் சேருங்கள். ஏ1 போதும், பரீட்சை எழுத வேண்டியதில்லை, யாரும் உங்களிடம் சர்ட்டிஃபிகேட் கேட்கப்போவதில்லை. மாலை நேரத்து மெதுவான பேட்ச் எதிலாவது சேர்ந்துகொள்ளுங்கள், வேகமான பேட்சில் நர்ஸ் பிள்ளைகள் உங்களை ஓட வைத்துவிடுவார்கள்.

ஆனால் பேரனிடம் தமிழிலேயே பேசுங்கள். ஜெர்மனை அவன் எப்படியும் கற்றுக்கொள்வான், தெருவே சொல்லிக்கொடுக்கும். அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க உங்கள் போன் ஒன்றுதான் இருக்கிறது. அவன் ஜெர்மனில் சொன்னதை நீங்கள் புரிந்துகொண்டு தமிழில் பதில் சொல்லுங்கள், போதும்.

"காசு கட்டிப் படிக்க வசதி இல்லை. இலவசமாக எதுவரை போகலாம்? காசு கட்டிச் சேர்ந்தால் நல்ல சென்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" — டிப்ளமோ மாணவர், திருநெல்வேலி

ஏ2 வரை காசில்லாமல் தாராளமாகப் போகலாம், பிடிவாதக்காரர் என்றால் பி1-ம் முடியும். டாய்ச்ச வெல்ல என்கிற ஜெர்மன் அரசு நிதியில் இயங்கும் ஊடகம் 'நிகோஸ் வேக்' என்று ஒரு வீடியோ தொடர் வைத்திருக்கிறது. வேறு நாட்டிலிருந்து வந்து விமான நிலையத்திலேயே பையைத் தொலைக்கிற ஒரு பையனின் கதை, ஏ1-லிருந்து பி1 வரை, பயிற்சிகளோடு, ஒரு பைசா கிடையாது. ஃபவ்-ஹா-எஸ் நடத்தும் இணையப் பயிற்சித் தளமும் இலவசம்தான், நீங்கள் எழுதி அனுப்புவதைத் திருத்தித் தர அங்கே ஆளும் இருக்கிறார்கள். பி1 தாண்டினால் டாய்ச்ச வெல்லவின் மெதுவாக வாசிக்கும் செய்திகளைக் கேளுங்கள், அதன் எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். பறவைப் பொம்மை ஆப் ஒன்றில் 400 நாள் தொடர்ந்து விளையாடினேன், பி1 ஆகிவிட்டதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஆகவில்லை.

சென்டர் விஷயத்தில், டெமோ கிளாஸுக்குப் போகும்போது டீச்சர் எவ்வளவு பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மாணவர்கூட முழு வாக்கியம் பேசவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். ஒரு பேட்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள், 15-க்கு மேல் போனால் பேச வாய்ப்பே வராது. கிளாஸ் எடுப்பவர் எந்த லெவல் பாஸ் செய்திருக்கிறார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், பி1 முடித்த கையோடு பி1 எடுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் முக்கியமாக, அவர்கள் கடைசியில் தருவது கோர்ஸ் முடித்த சர்ட்டிஃபிகேட்டா, வெளியே நடக்கும் தேர்வின் சர்ட்டிஃபிகேட்டா என்று தெளிவாகக் கேளுங்கள். விசாவுக்கு முதல் வகைச் சர்ட்டிஃபிகேட் உதவாது. கதே, டெல்க், ஓ.எஸ்.டி. மாதிரி அங்கீகாரம் பெற்ற தேர்வாக இருக்க வேண்டும். மூன்று லெவல் முடித்து மூன்று வண்ணச் சர்ட்டிஃபிகேட் வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள், தூதரகத்துக்குப் போகும் நேரத்தில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

"மாஸ்டர்ஸ் இங்கிலீஷ் மீடியத்தில் கிடைத்திருக்கிறது. ஜெர்மன் தேவையா?" — வேலூர்

அட்மிஷனுக்குத் தேவையில்லை, பகுதி நேர வேலைக்கும் வாடகை ரூமுக்கும் தேவை. ஏ2 முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். ஜெர்மன் மீடியத்தில் படிக்க ஆசை என்றால் அது வேறு உலகம், டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் 4 வாங்க வேண்டும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும், அதற்கு பி2 தாண்டிய நிலை வேண்டும்.

"நாங்கள் பேர்னில் இருக்கிறம். வகுப்பில படிக்கிற டொச் வேற, கடையில கதைக்கிறது வேற. வகுப்பை விட்டிட்டு இவை கதைக்கிறதையே பழகலாமோ?" — சுவிட்சர்லாந்து வாசகி

விடாதீர்கள். கடையில் நீங்கள் கேட்பது சுவிஸ் ஜெர்மன், அதைப் பேசுகிறவர்களே கடிதமும் பத்திரிகையும் எழுதுவது வகுப்பில் சொல்லித்தருகிற பொது ஜெர்மனில்தான். தமிழருக்கு இது புதிதா என்ன? நீங்கள் எனக்கு எழுதியிருக்கிற இந்தக் கேள்வியும் பாடப்புத்தகத் தமிழில் இல்லையே. உங்கள் அனுமதிக்கும் பிரஜாவுரிமைக்கும் கேட்கிற லெவலும் பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு அதைவிடக் குறைவாக ஒன்று என்றுதான் இருக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் 'சி' அனுமதிக்குப் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1. பிரஜாவுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. சில மாநிலங்கள் இதற்கு மேலும் கேட்கும், உங்கள் மாநிலத்தில் என்ன என்று பாருங்கள். வகுப்பில் பொது ஜெர்மன் படியுங்கள், பேருந்தில் சுவிஸ் ஜெர்மன் கேளுங்கள். பேச வேண்டும் என்றே இல்லை, காது பழகினாலே பாதி வேலை முடிந்தது.

"பி1-ல் கேட்டல், படித்தல், பேச்சு மூன்றும் பாஸ். எழுத்தில் மட்டும் 54. ஆறு மார்க்கில் போய்விட்டது. மறுபடி முழுத் தேர்வும் எழுத வேண்டுமா?" — பிசியோதெரபிஸ்ட், சேலம்

வேண்டாம். கதே பி1-ல் நான்கும் தனித்தனி மாட்யூல், விட்டதை மட்டும் எழுதினால் போதும். (ஏ1-ல் அப்படி இல்லை, அங்கே போனால் மொத்தமும் போச்சு.)

54 வாங்கியவருக்குப் பெரும்பாலும் மொழிப் பிரச்சினை இல்லை, நேரப் பிரச்சினை. 60 நிமிடத்தில் மூன்று வேலை: நண்பருக்கு 80 வார்த்தையில் ஒரு கடிதம், ஒரு விஷயத்தில் உங்கள் கருத்தை 80 வார்த்தையில், கடைசியாக 40 வார்த்தையில் மரியாதையாக ஒரு சின்னக் கடிதம். மார்க் 40, 40, 20. எல்லாரும் முதல் கடிதத்தில் அரை மணி நேரம் அலங்காரம் செய்துவிட்டு, மூன்றாவதற்கு வரும்போது இரண்டு நிமிடம்தான் மிச்சம் இருக்கும். அந்த மூன்றாவது எப்போதும் ஒரே வகைதான், வர முடியவில்லை மன்னிக்கவும், வேறு நாள் தர முடியுமா, நன்றி, இப்படிக்கு. பத்து மாதிரி எழுதிப் பார்த்தால் கை தானாக எழுதும். அடுத்த தடவை அதை முதலில் முடித்துவிட்டு மற்ற இரண்டுக்கும் போங்கள். மரியாதைக் கடிதத்தில் ஆரம்பத்தில் 'நீங்கள்' போட்டுவிட்டு நடுவில் 'நீ'க்கு இறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், திருத்துகிறவர்கள் கண்ணில் அது உடனே படும்.